கலைச்சொல்: ‘ஓவர்கிளாக்’ – மிகைக்கடிகாரமா, துடிப்பேற்றமா?

வணக்கம்.

பழைய மேசைக்கணினியின் லாஜிக் போர்டை மாற்றி வேகத்தைக் கூட்டுவதற்கான கையேடு ஒன்று தமிழில் தயாராகிறது. மூன்று சொற்கள் உதைக்கின்றன. லாஜிக் போர்டுக்குத் ‘தருக்கப் பலகை’, கிளாக் ஸ்பீடுக்குக் ‘கடிகார வேகம்’, செயலியை அதற்குக் குறித்த அளவுக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக்கிங்குக்கு ‘மிகைக்கடிகாரம்’ என்று வரைவில் இருக்கிறது. கடைசிச் சொல்லைப் படித்தால் சுவரில் தேவைக்கு மேல் ஒரு கடிகாரம் மாட்டியதுபோல் தோன்றுகிறது. கருத்துச் சொல்லுங்கள்.

----

> தருக்கப் பலகை

வேண்டாம். லாஜிக் போர்டு என்பது ஆப்பிள் வழக்கு. 1984இல் வந்த மெக்கின்டோஷில் இரண்டு பலகைகள் இருந்தன. படக்குழாயையும் மின்வழங்கலையும் கவனிப்பது அனலாக் பலகை. செயலியும் நினைவகமும் இருப்பது லாஜிக் பலகை. அவற்றைப் பிரித்துச் சொல்லப் பிறந்த பெயர் அது. மற்ற கணினிகளில் அந்தத் தேவையே இல்லை. ‘தாய்ப்பலகை’ நிலைத்துவிட்ட சொல், அதைக் கலைக்காதீர்கள்.

பழைய மாக் பற்றிய பகுதியில் மட்டும் ‘அனலாக் பலகை’யைத் தனியாகக் குறிப்பிடுங்கள். மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் படக்குழாயில் பல ஆயிரம் வோல்ட் தேங்கி நிற்கும். தாய்ப்பலகையைத்தானே கழற்றுகிறோம் என்று கையை உள்ளே விடுபவருக்கு இந்த எச்சரிக்கை முதல் பக்கத்திலேயே தேவை.

----

எனக்கு உறுத்துவது இரண்டாவது சொல்தான். ‘கடிகார வேகம்’ என்பதில் கடிகாரத்தை விட ‘வேகம்’ பெரிய தவறு.

3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐயும் 2006இல் வந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் கோர் 2 டுவோ இ6600ஐயும் பக்கத்தில் வையுங்கள். பெரும்பாலான வேலைகளில் இரண்டாவதுதான் முந்தும், ஏனென்றால் ஒரு துடிப்புக்குள் அது முடிக்கும் வேலை அதிகம். நொடிக்கு எத்தனை துடிப்பு என்னும் ஹெர்ட்ஸ் கணக்கை ‘வேகம்’ என்று எழுதினால் வாசகர் எண் பெரிதாக உள்ள பழைய செயலியைத் தேடிப் போவார். எண்ணிக்கையை எண்ணிக்கை என்றே சொல்வோம்: துடிப்பெண். அதிர்வெண் என்ற சொல்லுக்குப் பழகிய கண்ணுக்கு இது புரியும்.

கணக்கும் நேராக வரும். தாய்ப்பலகை தரும் அடித்துடிப்பைச் செயலி தன் பெருக்கியால் பெருக்கிக்கொள்கிறது. 1998இன் செலரான் 300ஏ: 66 × 4.5, அதாவது 300 மெகாஹெர்ட்ஸ். அதன் பெருக்கி பூட்டப்பட்டது, மாற்ற முடியாது. பலகையில் 66ஐ 100 ஆக்கினால் 450. கோர் 2 டுவோ இ4300: 200 × 9 = 1800. அடித்துடிப்பை 266 ஆக்கினால் ஏறக்குறைய 2400.

----

துடிப்பெண் நன்று. ஆனால் பெட்டியில் ‘எஃப்எஸ்பி 800’ (எஃப்எஸ்பி என்பது செயலியைப் பலகையின் மற்ற பகுதிகளோடு இணைக்கும் பாட்டை, அதாவது தரவுப்பாதை) என்றல்லவா போட்டிருக்கிறது? 800ஐ 9ஆல் பெருக்கிவிட்டு, 7200 எங்கே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

----

அதற்கு விடை தாளத்தில் இருக்கிறது. கை போடும் தாளம் மாறுவதில்லை. ஓர் எண்ணிக்கைக்குள் நான்கு மாத்திரை விழுந்தால் சதுசிர நடை. எஃப்எஸ்பி 800 என்பதும் அப்படித்தான். துடிப்பு 200தான், ஒரு துடிப்புக்கு நான்கு முறை தரவு பாட்டையில் ஏறுகிறது. டிடிஆர் நினைவகத்தில் துடிப்பின் ஏறுமுகத்தில் ஒன்று, இறங்குமுகத்தில் ஒன்று என இரண்டு. ஆகவே டிடிஆர்2-800இன் துடிப்பு 400. துடிப்புக்கு இத்தனை என்பதை ‘நடை’ என்றும், பெருக்கி வரும் மொத்தத்தைப் ‘பெயர்ச்சி’ என்றும் சொல்லலாம்.

----

நடை அழகு. பெயர்ச்சி என்றதும் சனிதான் நினைவுக்கு வருகிறார்! ‘தரவுப்பெயர்ச்சி’ என்று முழுதாக எழுதினால் தப்பிக்கலாம்.

இனி ஓவர்கிளாக். ‘மிகைத்துடிப்பு’ என்று யாராவது சொல்வதற்குள் மறுத்துவிடுகிறேன், அது இதய மருத்துவருக்கு உரியது. கலைச்சொல் வினையாகவும் ஆக வேண்டும். ‘மிகைக்கடிகாரித்தான்’ என்று எவரும் சொல்லப்போவதில்லை. துடிப்பேற்றம் என்றால் துடிப்பேற்றினேன், துடிப்பேற்றிய செயலி, துடிப்பேறாத நினைவகம் என எல்லாம் வருகிறது. சூட்டைக் குறைக்க எதிர்த்திசையில் போனால் துடிப்பிறக்கம்.

கையேட்டுப் பத்தி ஒன்றை இந்தச் சொற்களாலேயே எழுதிப் பார்த்தேன்:

“துடிப்பேற்றும் முன் அடித்துடிப்புக்கும் நினைவகத் துடிப்புக்கும் உள்ள விகிதத்தை 1:1க்கு இறக்குங்கள். அடித்துடிப்பு 200ஆக இருக்கும்போது 3:5 விகிதத்தில் நினைவகம் 333இல் ஓடும். அதே விகிதத்தோடு 266க்குப் போனால் நினைவகம் 443க்கு ஏறிவிடும். டிடிஆர்2-667 கட்டை அதைத் தாங்காது. செயலி தாங்கவில்லை என்று தவறாக முடிவுகட்டிவிடுவீர்கள். 1:1இல் நினைவகமும் 266தான், தாராளம். பிறகு 5 அல்லது 10 மெகாஹெர்ட்ஸாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் மெம்டெஸ்ட் என்ற நினைவகச் சோதனை நிரலை ஓட்டுங்கள். மின்னழுத்தத்தைக் கடைசியில் தொடுங்கள். மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் துடிப்பெண்ணுக்கும் ஏற்பக் கூடும். இரண்டையும் 10 விழுக்காடு ஏற்றினால் ஏறக்குறைய 33 விழுக்காடு கூடுதல் வெப்பம்.”

எங்கும் தடுக்கவில்லை.

----

ஒரு சேர்க்கை. பழைய பலகைகளில் கூடுதல் அட்டைகளையும் வன்தட்டையும் இணைக்கும் பிசிஐ பாட்டையின் துடிப்பும் அடித்துடிப்பை வகுத்தே கிடைக்கிறது. 66ஐ 2ஆல் வகுத்தால் 33, 100ஐ 3ஆல் வகுத்தாலும் 33. நடுவில் 83 வைத்தால் வகுப்பான் 2லேயே நிற்கும், பிசிஐ 41.5க்கு ஓடும், வன்தட்டில் எழுதும் தரவு சிதையலாம். கொஞ்சமாக ஏற்றியவர் மாட்டிக்கொள்வார், நிறைய ஏற்றியவர் தப்பிப்பார். இதைச் சொல்ல ‘வகுப்பான்’ என்ற சொல்லும் பட்டியலில் வேண்டும்.

----

துடிப்பேற்றத்திலேயே மடல்கள் போய்விட்டன. பலகையை மாற்றும் பகுதிக்கும் ஒரு சொற்பிரிவு தேவை: ‘பொருத்தம்’ வேறு, ‘இயைபு’ வேறு. எல்ஜிஏ 775 குழியில் பென்டியம் 4உம் உட்காரும், கோர் 2 டுவோவும் உட்காரும். ஆனால் 2004 காலத்து 915 சில்லுத்தொகுதிப் பலகையில் கோர் 2 டுவோ பொருந்தியும் இயையாது, திரை கறுப்பாகவே இருக்கும். இயைபு இருந்தும் பயாஸ் (பலகையை எழுப்பும் நிரல்) பழையது என்றால், பழைய செயலி இருக்கும்போதே பயாஸை இற்றைப்படுத்த வேண்டும். செயலியை மாற்றிவிட்டால் அதைச் செய்யப் பலகை எழுந்திருக்காது.

பெட்டிக்குள் தாய்ப்பலகையைத் தாங்கும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப்களுக்குத் ‘தாங்குகால்’ என்கிறேன். புதிய பலகையில் துளை இல்லாத இடத்தில் பழைய தாங்குகாலை விட்டுவைத்தால், அது பலகையின் அடியில் உரசிக் குறுக்குச்சுற்று ஏற்படும். மாற்றிய கணினி உயிர்பெறாததற்கு இதுவும், செயலிக்கான 4 முனை 12 வோல்ட் இணைப்பைச் செருக மறப்பதும் அடிக்கடி காரணமாகின்றன. மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தால் அந்தப் பலகையில் துடிப்பேற்றவே வேண்டாம்.

இன்னொன்றையும் கையேட்டில் ஒளிக்காமல் எழுதுங்கள். 7200 சுற்று வன்தட்டில், தட்டு சுழன்று வரவே சராசரியாக 4 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். அதை எடுத்துவிட்டுச் சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி போடுவதில் கிடைக்கும் சுறுசுறுப்பு, 30 விழுக்காடு துடிப்பேற்றத்தில் கிடைக்காது.

----

நன்றி. தாய்ப்பலகை, துடிப்பெண், பெருக்கி, வகுப்பான், நடை, தரவுப்பெயர்ச்சி, துடிப்பேற்றம், இயைபு, தாங்குகால் ஆகியவற்றை ஏற்றுக்கொண்டேன். அடித்துடிப்பை உண்டாக்கும் கிளாக் ஜெனரேட்டர் துடிப்பாக்கி ஆகிறது. பலகையின் முனைகளை இணைக்கும் சிறு செருகியான ஜம்பருக்கு என்ன?

----

ஜம்பர், ஜம்பராகவே இருக்கட்டும். துடிப்பேற்றம் எல்லை மீறிக் கணினி எழாமல்போனால், மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, ‘கிளியர் சீமாஸ்’ (பயாஸ் அமைப்புகளை அழிக்கும் இடம்) என்று அச்சிட்ட இடத்தைத் தேடி, அந்த ஜம்பரைச் சில நொடிகள் மாற்றிச் செருகி, மறுபடி பழைய இடத்தில் வைக்க வேண்டும். பலகையில் எழுதியிருக்கும் பெயரே கையேட்டிலும் இருந்தால்தான் அவசரத்தில் கண்ணில் படும்.