படகுக்குக் 'கிளியரன்ஸ்': அனுமதியா, விடுவிப்பா, விடையா?

பல்லடத்திலிருந்து:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். சொந்தப் படகில் நாடு நாடாகச் செல்வோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெளிநாட்டுத் துறைமுகத்தில் நுழையும்போது நடக்கும் சடங்குகள் பற்றிய அத்தியாயத்தில் 'கிளியரன்ஸ்' என்ற சொல் பக்கத்துக்குப் பத்து முறை வருகிறது. 'சுங்க அனுமதி' என்று எழுதினால் சுகாதார அலுவலரும் குடிவரவு (இமிக்ரேஷன்) அலுவலரும் சொல்லுக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். 'நுழைவிசைவு' என்பதை விசாவுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். போதாக்குறைக்கு, துறைமுகத்தை விட்டுப் புறப்படும்போதும் இதே 'கிளியரன்ஸ்' வந்து நிற்கிறது. என்ன செய்யலாம்?

கோவையிலிருந்து:

நம் பக்கத்தில் மிதப்பது பரிசல்தான். அதற்கு யாரும் கிளியரன்ஸ் கேட்பதில்லை. கோவையில் சுங்கம் என்று ஒரு பஸ் நிறுத்தமே இருக்கிறது, கப்பல்தான் வரக் காணோம். கடலோடிகளின் சொல் கடலோடிகளிடமே இருக்கட்டும். 'கிளியரன்ஸ்' என்றே போட்டுவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போங்கள்.

திருப்பூரிலிருந்து:

கோவை நண்பர் இவ்வளவு சீக்கிரம் கடலைக் கைகழுவ வேண்டாம். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கொச்சி. அங்கே போல்காட்டியில் வெளிநாட்டுப் படகுகள் வந்து கட்டும் பன்னாட்டுப் படகுத்துறை இருக்கிறது. வெள்ளலூரில் கிடைத்த ரோமானியக் காசுகளும் கடல் வழியாக வந்தவைதான்.

நான் பனியன் சரக்குக்கு ஆவணம் தயாரிக்கும் தொழிலில் இருப்பவன். எங்கள் அலுவலகத்தில் நாள் முழுதும் ஒலிப்பது 'கிளியரன்ஸ்' என்ற சொல்தான். ஆனால் எங்கள் கிளியரன்ஸ் சரக்குக்கு உரியது. இறக்குமதிச் சரக்குக்கு 'அவுட் ஆஃப் சார்ஜ்' என்ற சுங்க ஆணை கிடைத்தால் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஏற்றுமதிக்கு 'எல்.இ.ஓ.', அதாவது 'லெட் எக்ஸ்போர்ட் ஆர்டர்' ஆனால் பெட்டி தூத்துக்குடியில் கப்பல் ஏறும். இதற்கு 'விடுவிப்பு' என்ற சொல் கச்சிதம், ஏனென்றால் சரக்கு சுங்கத்தின் பிடியிலிருந்து விடுபடுகிறது.

படகின் கதை வேறு. அங்கே விடுபட எதுவும் இல்லை. படகும் ஆட்களும் உள்ளே ஏற்கப்படுகிறார்கள். நம்முடைய 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டமே இவற்றைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. 31ஆம் பிரிவு, கலத்துக்கு உள்வரவு ஆணை கிடைக்கும்வரை சரக்கை இறக்கக் கூடாது என்கிறது. 42ஆம் பிரிவு, எழுத்து மூலமான ஆணை இல்லாமல் கலம் புறப்படக் கூடாது என்கிறது. சரக்கை விடுவிப்பது 47ஆம் பிரிவில் தனியாக வருகிறது. சட்டம் மூன்றாகப் பார்ப்பதை நாம் ஒரே சொல்லில் திணிக்கலாமா?

படகு போய்ச் சேரும் முறையையும் பாருங்கள். அந்நாட்டுக் கடல் எல்லைக்குள் வந்ததும் மஞ்சள் நிற 'க்யூ' கொடியை ஏற்ற வேண்டும். மஞ்சள் கொடி என்றால் படகில் நோய் என்று பலர் நினைக்கிறார்கள். பன்னாட்டுக் குறியீட்டு விதிப்படி இன்று அதன் பொருள் நேர்மாறானது: என் கலத்தில் நோய் இல்லை, கரையோடு தொடர்புகொள்ள இசைவு தாருங்கள். பிறகு அரசு அறிவித்த நுழைவுத் துறைமுகத்துக்கு மட்டுமே போக வேண்டும். அழகான கடற்கரை தெரிகிறதே என்று வழியில் நங்கூரம் போடக் கூடாது. பொதுவாகப் படகுத்தலைவர் மட்டும் பதிவுச் சான்று, ஆட்பட்டியல், கடவுச்சீட்டுகள், முந்தைய துறைமுகம் கொடுத்த புறப்பாட்டுச் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கரையேறுவார். மற்றவர்கள் படகிலேயே காத்திருக்க வேண்டும். மது, புகையிலை, துப்பாக்கி இருந்தால் எழுதிக் கொடுக்க வேண்டும். நம் நாட்டுக்கு வருவோர் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருந்தால் அதற்கு முன்கூட்டியே தனி அனுமதி வேண்டும். இது தெரியாமல் வந்து மாட்டிக்கொள்ளும் வெளிநாட்டார் உண்டு. எல்லாம் முடிந்த பிறகுதான் மஞ்சள் கொடி இறங்கி, அந்நாட்டுக் கொடி ஏறும்.

ஆளுக்கு ஒரு கணக்கு, படகுக்கு ஒரு கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம். விசா இல்லாமல் ஷெங்கன் நாடுகளுக்குள் (தமக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள்) வரக்கூடியவர் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிக்கும் அவருடைய படகோ, தற்காலிக இறக்குமதி என்ற கணக்கில் 18 மாதம் வரி கட்டாமல் அங்கே நிற்கலாம். 'அனுமதி' என்று மொட்டையாக எழுதினால் எது முடிந்தது, எது மிச்சம் இருக்கிறது என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? தவறினால் அபராதம் கட்டப்போவது அவர்தானே.

என் பரிந்துரை: சுகாதாரத்துறை தருவதற்கு 'நலவிசைவு'. ஆட்களுக்கு இலங்கைத் தமிழரின் 'குடிவரவு' இருக்கிறது, சிங்கப்பூரின் 'குடிநுழைவு' இருக்கிறது. ஏதேனும் ஒன்றை எடுங்கள். படகு முறைப்படி உள்ளே ஏற்கப்படுவதற்கு 'துறைவரவு'. வெளியே போவதற்கு மட்டும் எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

கோபியிலிருந்து:

பல்லடத்து அம்மணிக்கும் திருப்பூர்த் தம்பிக்கும் வாழ்த்து. வெளியே போவதற்குச் சொல் நம் வாயிலேயே இருக்கிறது: விடை. விடைபெறுதல், விடைகொடுத்தல். அனுமதி பெற்றுப் புறப்படுதல் என்பது முழுதும் அதில் அடங்கிவிடுகிறது. 'துறைவரவு' உள்ளே வர, 'துறைவிடை' வெளியே போக. கையில் கொடுக்கும் தாள் 'விடைச்சீட்டு'.

பழைய சொல் வேண்டுவோர் பட்டினப்பாலைக்குப் போவார்கள். அங்கே சுங்க வரியைக் குறிக்கும் 'உல்கு' உண்டு, சரக்கின்மேல் புலி முத்திரை இட்டு வெளியே அனுப்பிய செய்தியும் உண்டு. ஆனால் அதுவும் தம்பி சொன்ன சரக்கு விடுவிப்புதான், கலத்தின் விடை இல்லை. மேலும் அங்கே வரும் சொல் 'புறம்போக்கி'. இன்றைக்கு அதை எடுத்து ஆண்டால் தாசில்தார் அளக்க வந்துவிடுவார்.

கோவையிலிருந்து:

ஐயா, விடைச்சீட்டு என்றால் தேர்வு எழுதிய தாள் போல இருக்கிறதே. 'துறை' என்றாலும் அரசுத் துறைதான் நினைவுக்கு வருகிறது. 'துறைவரவு' என்று படிப்பவர் ஏதோ ஒரு துறைக்கு வந்த வருமானம் என்று நினைக்க மாட்டாரா?

கோபியிலிருந்து:

தேர்வுக்கு 'விடைத்தாள்' இருக்கிறது, யாரும் அதைச் சீட்டு என்பதில்லை. பவானிக் கூடுதுறைக்கு ஆடிப்பெருக்கன்று போகிறவர் எவரும் அங்கே அரசு அலுவலகத்தைத் தேடுவதில்லை. தண்ணீரும் படகும் பக்கத்தில் இருக்கும் வாக்கியத்தில் 'துறை' தன் பொருளில்தான் நிற்கும்.

திருப்பூரிலிருந்து:

'விடை' எனக்கு முழுச் சம்மதம். லத்தீன் அமெரிக்கத் துறைகளில் 'சார்ப்பே' என்று ஸ்பானிய மொழியில் கேட்பது இந்தத் தாளைத்தான். முந்தைய துறைமுகத்தின் விடைச்சீட்டு இல்லாமல் வரும் படகை அடுத்த நாட்டில் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். ஆகவே இதற்குத் தனிப்பெயர் கட்டாயம் வேண்டும்.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஆங்கிலத்தில் படகுத்தலைவரும் 'கிளியர்' செய்கிறார், அலுவலரும் 'கிளியர்' செய்கிறார். தமிழில் வினையைப் பிரித்துவிடலாம். தலைவர் துறைவரவு கோருகிறார், அலுவலர் துறைவரவு அளிக்கிறார். விடைக்குத் தொல்லையே இல்லை: இவர் பெறுகிறார், அவர் கொடுக்கிறார்.

பல்லடத்திலிருந்து:

கோபி ஐயாவுக்கும் திருப்பூர் அண்ணாவுக்கும் நன்றி. அத்தியாயத்தில் இப்படி மாற்றியிருக்கிறேன்:

"நலவிசைவு முதல் துறைவரவு வரை எல்லாம் கிடைக்கும்வரை மஞ்சள் கொடியை இறக்கக் கூடாது. குடிவரவு முத்திரை பெற்றதாலேயே படகுக்குத் துறைவரவு கிடைத்துவிட்டதாகக் கொள்ள வேண்டாம். சுங்க அலுவலரையும் பார்க்க வேண்டும். விடைச்சீட்டில் அடுத்த துறைமுகத்தின் பெயர் சரியாக இருக்கிறதா என்று அலுவலகத்தை விட்டு வெளியே வருமுன் பார்த்துக்கொள்ளுங்கள்."

'குடிநுழைவு' அழகாக இருந்தாலும், வெளியேறுவதற்குக் 'குடியகல்வு' என்று இணை இருப்பதால் இலங்கை வழக்கையே எடுத்தேன். 'யாட்' என்பதற்குச் செய்தித்தாள்கள் எழுதும் 'உல்லாசப் படகு' எனக்குப் பிடிக்கவில்லை. நடுக்கடலில் வாரக்கணக்கில் விழித்துக் கிடப்பவருக்கு உல்லாசம் ஏது? மோட்டார்ப் படகும் இதில் அடங்குவதால் 'பாய்மரப் படகு' என்றும் எழுத முடியாது. இப்போதைக்குப் 'பயணப்படகு' என்று வைத்திருக்கிறேன்.

கோவையிலிருந்து:

பயணப்படகு என்றால் டிக்கெட் வாங்கி ஏறும் படகு. 'தனிப்படகு' என்று வையுங்கள், அம்மணி. சுங்கத்துக்கும் அதுதானே கேள்வி, வாடகைக்கு ஓடுகிறதா, சொந்த உபயோகமா என்று.