பஸ்ஸில் ஊர்ப்பெயருக்குச் சரிந்த உருண்டை எழுத்து சரிவருமா?

கல்லடி_ஸ்டிக்கர்:
மட்டக்களப்பு–பொத்துவில் ஓடுற பஸ்ஸுக்கு, பக்கவாட்டில் முனை உருண்ட, சரிந்த எழுத்துத்தான் பொருத்தம். ஸ்டிக்கரில் கூர்மூலைதான் முதலில் எழும்பும். பஸ் கழுவுற தண்ணியும் தூசியும் அதுக்குள்ளதான் போகும். உருண்டை முனை லேசில் எழும்பாது. சரிவு, வேகத்தைக் காட்டும். பலூ தம்பி என்ற உருண்டை எழுத்துருவை, கோரல் ட்ரா என்ற வரையுற மென்பொருளில் 12 பாகை சரிச்சா வேலை முடிஞ்சுது.

அக்கரை_எழுத்து:
உருண்டை நல்லது, சரிவு கூடாது. வலப்பக்கம் சரிந்த எழுத்து பஸ்ஸின் வலப்பக்கத்தில் மட்டும்தான் முன்னோக்கிச் சாயும். ஆக்கள் ஏறுற இடப்பக்கத்தில் அதே எழுத்து பின்னோக்கிச் சாயுது. வேகம் எங்க போச்சு?

அதைவிடப் பெரிய சிக்கல் ‘ர’. அதையும் துணைக்காலையும் பிரிச்சுக் காட்டுறது கீழே இடப்பக்கம் இறங்குற சின்ன வால் ஒன்றுதான். எழுத்தைச் சரிச்சா காலே அந்தத் திசைக்குச் சாய்ஞ்சிடும். முனையையும் உருட்டினா வால் மழுங்கிப் போகும். ‘காரைதீவு’ என்று போட்டுத் தூர நின்று பாருங்க.

நிந்தவூர்_ரவுட்டர்:
ரெண்டு பேரும் கேளுங்க. வரைஞ்சு முடிச்ச வடிவத்தை 12 பாகை சரிச்சா, வளைவின் வலது மேல்தோளும் இடது அடியும் ஏறத்தாழ 11% தடிக்கும். எதிர் மூலைகள் 10% மெலியும். ‘ண’, ‘ழ’, ‘ஞ’ சுழிகளில் அது அப்பட்டமாத் தெரியும். உருண்ட முனையும் அரைவட்டமா இராது, நசுங்கின முட்டை மாதிரி ஆகிடும்.

செய்யுற முறை வேற. முதலில் எழுத்தின் நடுக்கோட்டை மட்டும் வரையுங்க. அந்தக் கோட்டைச் சரிச்ச பிறகு தடிப்பும் உருண்டை முனையும் குடுங்க. கடைசியாத்தான் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-க்யூ அடிச்சு வடிவமாக்குங்க. தடிப்பு எங்கும் ஒரே அளவா நிற்கும். ஆயத்த எழுத்தைச் சுற்றி 2 மி.மீ கோடு போட்டு உருட்டுறவங்களும் இருக்காங்க. சுழிக்குள்ள இடைவெளி 2 மி.மீ குறையும், சின்ன எழுத்தென்றா அடைபட்டே போகும். அக்ரிலிக் வெட்டுற ரவுட்டர் மெஷினின் 3 மி.மீ பிட் (வெட்டுமுனை) அதுக்குள்ள நுழையவே நுழையாது.

கல்லடி_ஸ்டிக்கர்:
காக்கா, நடுக்கோட்டு முறை நல்லம். புள்ளிக்கு என்ன செய்யுறது?

நிந்தவூர்_ரவுட்டர்:
எழுத்து 30 செ.மீ, புள்ளியின் மையம் 36 செ.மீ உயரம் என்று வையுங்க. 12 பாகையில் புள்ளி, எழுத்தின் நடு உயரத்தை விட நாலரை செ.மீ வலப்பக்கம் தள்ளிப்போகும். ‘அக்கரைப்பற்று’வில் மூன்று புள்ளி, மூன்றும் அடுத்த எழுத்துக்கு மேல ஏறப் பார்க்கும். பாதித் தூரம் கையால இழுத்து வையுங்க தம்பி. பாகையையும் 8க்கு இறக்குங்க.

அக்கரை_எழுத்து:
8 பாகை என்றாலும் ‘ர’வின் வாலை நீட்டித் தனியா வரையத்தான் வேணும். முன்கண்ணாடி போர்டில் எக்காரணம் கொண்டும் சரிக்காதீங்க. வாற பஸ்ஸை மறிக்கிற ஆளுக்கு வாசிக்க ரெண்டு மூன்று செக்கன்தான் கிடைக்கும். வெட்ட முதல் 3 செ.மீ உயரத்தில் பிரின்ட் எடுத்து 3 மீட்டர் தள்ளி நின்று பாருங்க. 30 செ.மீ எழுத்து 30 மீட்டரில் தெரியுறதும் அதே அளவுதான். ‘ர’ எது, கால் எது என்று உடனே பிடிபடல்லையென்றா நிமிர்ந்த எழுத்தையே போடுங்க.