மறு: ஒய்2கே-வுக்குத் தமிழ்ல 'ஆண்டுச் சுழிவு'ன்னு சொன்னா என்ன?

அன்பர்களே,

1999 முடிஞ்சு 2000 பொறக்கும்போது கம்ப்யூட்டருக்கு வருஷம் குழம்பப் போற சிக்கல்தான் ஒய்2கே, அதுக்குத் தமிழ்ப் பேரு தேடி இந்த 1999ல நம்ம குழுவுல நடக்குற விவாதத்தை நாலு நாளா ஓரமா நின்னு படிச்சுட்டு இருந்தேன், இனிமே தாங்காது. 'புத்தாயிரப் பூச்சி', 'ஈராயிரப் பிழை', 'ஆண்டு 2000 சிக்கல்'னு மூணு பேரு ஓடுது, மூணும் எனக்கு ஒட்டலை. இலக்கணக் குத்தம் எதுவும் இல்ல, போன ஞாயித்துக்கிழமை என் வீட்டு மெஷின்ல பார்த்த கூத்துதான் காரணம்.

> பூச்சின்னா பாமரருக்கும் சட்டுனு புரியும்.

புரியும் ஐயா, தப்பா புரியும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் "ஆன்ட்டி வைரஸ் போட்டாச்சு, இனிமே ஒய்2கே என்கிட்ட வராது"ன்னு நிம்மதியா இருக்கார். பூச்சின்னா வெளிய இருந்து வந்து கடிக்கணும். இது நாமளே பண்ணிக்கிட்டது, ஒவ்வொரு பைட்டும் காசா இருந்த காலத்துல வருஷத்தோட முதல் ரெண்டு இலக்கத்தை வெட்டி எறிஞ்சுட்டு 99, 98னு எழுதிப் பழகிட்டோம், இப்ப 99க்கு அடுத்து 00 வந்தா அது 1900ஆ 2000ஆன்னு மெஷினுக்குத் தெரியலை, அவ்வளவுதான் விஷயம். பூச்சி மருந்து அடிச்சா போகாது.

சரி, ஞாயித்துக்கிழமை கதைக்கு வர்றேன், ஏன்னா பேரு அங்கதான் கிடைச்சுது. என்னோடது பழைய 486 கம்ப்யூட்டர், விண்டோஸ் 95. முக்கியமான ஃபைலெல்லாம் ஃப்ளாப்பில பேக்கப் எடுத்தேன், அப்புறம் விண்டோஸுக்குள்ள போகாம டாஸ்ங்கற பழைய இயங்குதளம் இருக்கிற ஒரு ஃப்ளாப்பியைப் போட்டு பூட் பண்ணேன் (இதைக் கட்டாயம் அப்படியே செய்யுங்க, விண்டோஸுக்குள்ள போய் தேதியை முன்னாடி தள்ளினா முப்பது நாள் ட்ரையல் சாஃப்ட்வேர் எல்லாம் காலாவதின்னு கதவைச் சாத்திடும், அப்புறம் தேதியைப் பின்னாடி கொண்டு வந்தாலும் சில சமயம் நம்பாது). 31-12-1999, மணி 23:58ன்னு வெச்சேன். ரெண்டு நிமிஷம் முறைச்சுப் பார்த்துட்டே இருந்தேன். 2000 ஜனவரி 1, சனிக்கிழமைன்னு அழகா காட்டுச்சு. அடடா நம்ம மெஷின் தங்கம்னு நினைச்சுட்டு ஆஃப் பண்ணி, ஒரு நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணேன்.

01-04-1980.

ஏப்ரல் ஒண்ணு! மெஷின் நம்மளை முட்டாளாக்குதுன்னு சிரிச்சேன். அப்புறம்தான் பக்கத்துல கிழமையைப் பார்த்தேன், வெள்ளின்னு இருந்தது. 1980 ஏப்ரல் 1 செவ்வாய்க்கிழமை. ஆக இது அமெரிக்க வழக்கப்படி மாசம் முன்னாடி, ஜனவரி 4. அன்னைக்குத்தான் வெள்ளி.

நடந்தது என்னன்னா, மதர்போர்டுல பேட்டரியோட ஓடுற கடிகாரச் சில்லு ஒண்ணு இருக்கு, 1984ல வந்த ஐபிஎம் ஏடி கம்ப்யூட்டர் காலத்துல இருந்து அதே வழிதான், அதுல வருஷத்துக்கு ரெண்டே இலக்கம். நூற்றாண்டு, சீமாஸ்ங்கற பேட்டரி மெமரில வேற ஒரு மூலைல தனி பைட்ல உட்கார்ந்திருக்கு. சில்லு 99ல இருந்து 00க்குப் போகும்போது "நூறு தாண்டிட்டேன்"னு அந்த பைட்டைத் தட்டி எழுப்பாது, அது 19ன்னே தூங்கிட்டு இருக்கும். மெஷின் ஆன்ல இருக்கிற வரைக்கும் டாஸ் தானே எண்ணிக்கிட்டு போறதால சரியா காட்டுது, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சில்லுகிட்ட கேக்குது, 1900ன்னு பதில் வருது. டாஸுக்கு 1980 ஜனவரி 1க்கு முன்னாடி உலகமே கிடையாது, அதனால குழம்பிப் போய் ஜனவரி 4ல வந்து நிக்குது. சில பயாஸ் (மெஷின் ஆன் ஆனதும் முதல்ல ஓடுற உள் ப்ரோகிராம்) 2094னு கூட காட்டுமாம், அது தனி ஜாதி.

இப்ப சொல்லுங்க, இதுல நடந்தது பூச்சியா? பிழையா? எண் முழுசா ஒரு சுத்து சுத்தி சுழிக்கு வந்துடுச்சு, வண்டி மீட்டர் 99999 தாண்டினா வர்ற மாதிரி. சுழின்னா பூஜ்யமும்தான், நீர்ச்சுழி மாதிரி சுத்துறதும்தான். ஒரே சொல்லுல ரெண்டும் கிடைக்குது, வேற மொழிக்காரன் பார்த்தா பொறாமைப்படுவான். அதனால 'ஆண்டுச் சுழிவு'. வினையாவும் வரும்: "என் மெஷின்ல வருஷம் சுழிஞ்சிடுச்சு", "சுழியுமான்னு பார்த்தியா?" பூச்சியை வெச்சு வினை பண்ணிக் காட்டுங்க பார்ப்போம்.

> சுழிவுன்னா 'நெளிவு சுளிவு' ஞாபகம் வருது, குழப்பம்.

அது ளகரம், இது ழகரம். பேச்சுல ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்கும், ஒத்துக்கறேன். ஆனா நெளிவு சுளிவு தெரியாதவன் இந்த மெஷினைச் சரி பண்ண முடியாதுங்கறதால அந்தக் குழப்பம்கூட எனக்கு சம்மதம்தான்.

> தமிழ் மரபுல இதுக்கு ஒப்பான கருத்து இல்லை, அதனால ஒய்2கேன்னே எழுதிடலாம்.

இதுதான் எனக்குக் கோபம் வர வெச்ச வரி. அறுபது வருஷப் பேரு எதுக்கு இருக்கு? பிரபவல ஆரம்பிச்சு அட்சயல முடிஞ்சு மறுபடி பிரபவ, அது சுழிவு இல்லாம வேற என்ன? தாது வருஷப் பஞ்சம்னு சொல்றோம், 1876ல வந்த தாது அது, ஆனா 1936ம் தாதுதான், மூணு வருஷம் முன்னாடி போன 1996ம் தாதுதான். எந்த தாதுன்னு கேட்டவங்களுக்குப் பஞ்சத்தை வெச்சுத்தான் புரிஞ்சுது. இடம் சுருக்கி எழுதினா நூற்றாண்டைப் படிக்கிறவனே ஊகிச்சுக்கணும்ங்கற தலைவலி நமக்குப் பழசு, சில்லுக்குத்தான் புதுசு.

'ஈராயிரப் பிழை' கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா 2000ஐப் பேருக்குள்ள வெச்சா ஜனவரி 2ஆம் தேதி அந்தச் சொல் செத்துடும். யூனிக்ஸ்ங்கற இயங்குதளம் 1970ல இருந்து நொடிகளை எண்ணுது, 32 பிட்ல அந்த எண்ணிக்கை 2038 ஜனவரி 19 அன்னைக்கு நிரம்பி 1901க்குப் போயிடும். அன்னைக்கு நம்ம பசங்க 'ஈராயிரப் பிழை'ன்னு சொல்ல முடியுமா? 'நொடிச் சுழிவு'ன்னு சொல்லலாம்.

ஆனா ஒண்ணு, வர்ற கோளாறு எல்லாமே சுழிவு இல்ல, இதை நானே ஒத்துக்கணும். சில ப்ரோகிராம் 1900ல இருந்து எத்தனை வருஷம்னு எண்ணும், அது 99க்கு அப்புறம் ஒழுங்கா 100ன்னுதான் போகுது, எழுதினவர் முன்னாடி '19'ன்னு ஒட்ட வெச்சதால வெப் பக்கத்துல 19100ன்னு வரும். விண்டோஸ் 3.1 ஃபைல் மேனேஜர்ல இன்னும் வேடிக்கை, வருஷம் இருக்க வேண்டிய இடத்துல :0ன்னு முக்காற்புள்ளி போட்டு நிக்கும். ஏன்னா பத்தாம் இட இலக்கம் 9க்கு அப்புறம் 10 ஆகுது, எழுத்துகளுக்கு எண் குடுக்கிற அஸ்கி வரிசைல 9க்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது முக்காற்புள்ளிதான். இதெல்லாம் சுழியலை, சட்டை பத்தாம தொப்பை வெளிய வந்த மாதிரி பிதுங்குது. 'ஆண்டுப் பிதுக்கம்'னு தனியா வெச்சுக்கலாமா? சிரிக்காதீங்க, சீரியஸாத்தான் கேக்கறேன்.

எக்செல் சமாசாரம் மூணாவது ரகம். எக்செல் 97ல ரெண்டு இலக்கம் அடிச்சா 00ல இருந்து 29 வரைக்கும் 2000க்கு மேல, 30ல இருந்து 99 வரைக்கும் 1900க்கு மேலன்னு அதுவா முடிவு பண்ணும், அதுக்கு முந்தின எக்செல்ல எல்லை 19. தாத்தா பொறந்த வருஷம் 28ன்னு அடிச்சேன், தாத்தா இன்னும் பொறக்கவே இல்ல. இதுக்கு 'நூற்றாண்டு ஊகம்'னா போதும். நாலு இலக்கமா அடிச்சுப் பழகுங்க, கன்ட்ரோல் பேனல் ரீஜனல் செட்டிங்ஸ்லயும் வருஷத்தை நாலு இலக்கமா காட்டச் சொல்லி மாத்திடுங்க, அப்பத்தான் மெஷின் என்ன ஊகிச்சுதுன்னு கண்ணுக்குத் தெரியும்.

லீப் வருஷத்துக்கு 'நெட்டாண்டு' ஏற்கெனவே இருக்கு, அதைத் தொட வேண்டாம். ஆனா 29-2-2000ஐயும் டெஸ்ட் பண்ணிடுங்க. நாலால வகுபட்டா நெட்டாண்டு, நூறால வகுபட்டா இல்ல, நானூறால வகுபட்டா மறுபடி உண்டு. முதல் விதி மட்டும் தெரிஞ்சவன் எழுதின ப்ரோகிராம் தப்பிச்சிடும், ரெண்டு விதி தெரிஞ்ச புத்திசாலிதான் மாட்டுவான்.

என் மெஷின் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. டாஸ்ல டேட் கட்டளை குடுத்து கையால 01-01-2000ன்னு அடிச்சேன், ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், 2000ன்னே நின்னுச்சு. தூங்கிட்டு இருந்த பைட்டை ஒரு தடவை கையால எழுப்பி விட்டாப் போதும் போல, இனிமே நூறு வருஷத்துக்குக் கவலை இல்ல. அப்புறம் மறக்காம இன்னைக்குத் தேதிக்குத் திருப்பி வெச்சுட்டுத்தான் விண்டோஸுக்குள்ள போனேன். அப்ப அந்த பைட்டும் மறுபடி 19க்குப் போயிடுச்சு, ஆக ஜனவரி 1 காலைல இன்னொரு தடவை கையால அடிக்கணும். கையால அடிச்சும் நிக்கலைன்னா பயாஸ் அப்டேட் தேடணும், இல்லாட்டி பூட் ஆகும்போது தேதியைத் திருத்துற குட்டி ப்ரோகிராம் ஒண்ணு போட்டுக்கணும்.

'ஒய்2கே கம்ப்ளையன்ட்'டுக்கு, அதாவது 2000லயும் தேதி குழம்பாதுங்கறதுக்கு, 'சுழிவு தாங்கும்'னு நினைக்கிறேன், 'இந்த மெஷின் சுழிவு தாங்கும்'னு பெட்டி மேல ஸ்டிக்கர் ஒட்டினா யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். 'சுழிவுதாங்கி'ன்னா இடிதாங்கி மாதிரி தனியா ஒரு கருவின்னு நினைச்சுடுவாங்களோன்னு மட்டும் சந்தேகம், அதுக்கு யாராவது வழி சொல்லுங்க. அப்படியே ஆஃப் பண்ணி ஆன் பண்ணப்ப உங்க மெஷின்ல என்ன வந்துச்சுன்னும் எழுதுங்க, 1980ஆ, 1900ஆ, 2094ஆ.