விசா நீட்டிப்பு முதலா, வீட்டுக்கடன் முதலா? லெஸ்டரிலிருந்து ஓர் உதவி வேண்டுகோள்

லெஸ்டர் செவிலி, 10 நவம்பர் 2025

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவிலிலிருந்து 2023 மார்ச்சில் சுகாதாரப் பணியாளர் விசாவில் இங்கிலாந்து வந்த நான், இங்குள்ள ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிகிறேன். என்னைச் சார்ந்து விசா பெற்ற என் கணவருக்கு ஒரு கிடங்கில் நிரந்தர வேலை இருக்கிறது. இருவரின் விசாவும் 2026 மார்ச் 12ஆம் தேதி முடிகிறது. 2,40,000 பவுண்டு விலையில் ஒரு வீட்டைப் பார்த்து, விற்பவரும் எங்கள் விலைக்குச் சம்மதித்துவிட்டார். பத்து விழுக்காடு முன்பணமாக 24,000 பவுண்டு வைத்திருக்கிறோம். அதில் 4,000 என் அப்பா அனுப்பியது. ஆனால் நாங்கள் அணுகிய கடன் நிறுவனம், விசாவில் ஆறு மாதம்கூட மீதமில்லை என்று சொல்லி 25 விழுக்காடு, அதாவது 60,000 பவுண்டு முன்பணம் கேட்கிறது. விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டால் பழைய விசா தானாகவே தொடரும் என்று உடன் பணிபுரிபவர்கள் கூறுகிறார்கள். அப்படியானால் இப்போதே வேறு நிறுவனத்தில் கடனுக்கு விண்ணப்பிக்கலாமா? தை மாதத்தில், ஜனவரி 25 அன்று, ஊரில் என் தங்கையின் திருமணமும் இருக்கிறது.

கோவென்ட்ரி அக்கா, 10 நவம்பர்

தங்கச்சி, உடன் பணிபுரிபவர்கள் சொன்னது சட்டப்படி சரிதான். விசா முடிவதற்குள் முறையாக விண்ணப்பித்தவருக்கு, முடிவு வரும் வரை பழைய உரிமைகள் 1971ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 3சி பிரிவின்படி அப்படியே நீடிக்கும். வேலைக்கும் இடையூறு இல்லை. ஆனால் அந்தச் சட்டம் உங்களுக்கும், விசா வழங்கும் உள்துறையான ஹோம் ஆபீசுக்கும் இடையிலானது. கடன் கொடுப்பவர் பார்ப்பது மின்விசாவில் தெரியும் முடிவுத் தேதியை மட்டுமே, அவரை 3சி பிரிவு எதற்கும் கட்டாயப்படுத்தாது. நான் 2022இல் இதை உணராமல் அடுத்தடுத்து மூன்று இடங்களில் விண்ணப்பித்தேன். மூன்று இடத்திலும் முழுமையான கடன் வரலாற்றுத் தேடல் பதிவாகி, என் கிரெடிட் ஸ்கோர் இறங்கி, நான்காவது இடத்தில் அதற்கும் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. ஆகையால் விசா கைக்கு வரும் வரை வேறெங்கும் முழு விண்ணப்பம் போடாதீர்கள்.

திருமணத்தைப் பற்றியும் அழுத்திச் சொல்கிறேன். நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு, முடிவு வருவதற்குள் பிரிட்டனையும் அயர்லாந்தையும் உள்ளடக்கிய பொதுப் பயணப் பகுதியை விட்டு வெளியே சென்றால், விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றதாகக் கொள்வார்கள். உங்கள் கணவரின் விண்ணப்பம் தனி, அவருக்கும் இதே விதி. மருத்துவமனை தரும் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழில் உள்ள தொடக்க நாளுக்கு மூன்று மாதத்துக்கும் மேல் முன்னதாக விண்ணப்பிக்க முடியாது என்பதால், மனிதவளப் பிரிவிடம் இந்த வாரமே பேசி, டிசம்பர் நடுப்பகுதியில் விண்ணப்பிக்க ஏதுவாக அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். வழக்கமான முறையில் எட்டு வாரம் வரை ஆகலாம். திருமணம் அதற்குள் வந்துவிடும். ஆளுக்கு 500 பவுண்டு கூடுதலாகக் கட்டினால் ஐந்து வேலை நாளில் முடிவு தரும் முன்னுரிமைச் சேவை இருக்கிறது. வீட்டுக்காகச் சேர்க்கும் பணத்தில் ஆயிரம் பவுண்டு குறைவது வலிக்கும்தான், ஆனாலும் உங்கள் நிலையில் நான் அதைத்தான் செய்வேன். உங்கள் விசா வகைக்கு, ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் மற்றவர்கள் கட்டும் சுகாதாரக் கூடுதல் கட்டணம் கிடையாது என்பது சற்று ஆறுதல்.

ஹாரோ வாசகர், 11 நவம்பர்

அக்கா சொன்னதை வழிமொழிகிறேன். நான் சில காலம் வீட்டுக்கடன் புரோக்கர் அலுவலகம் ஒன்றில் வேலை செய்தவன். விசாவில் இருப்பவருக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை; ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு கொள்கை வைத்திருக்கிறது. நாட்டில் எத்தனை ஆண்டு இருந்தீர்கள், விசாவில் எவ்வளவு காலம் மீதம், சார்ந்தோரின் வருமானத்தைக் கணக்கில் எடுக்கலாமா என்பதையெல்லாம் அவர்கள் வெவ்வேறாகப் பார்க்கிறார்கள். வருமானத்தைப் போல் ஏறத்தாழ நாலரை மடங்குதான் கடனுக்குப் பொதுவான உச்சம் என்பதால், கணவரின் சம்பளத்தையும் சேர்க்கும் நிறுவனத்தையே நீங்கள் தேட வேண்டும். அப்பா அனுப்பிய பணம் கடனல்ல, அன்பளிப்பு, வீட்டில் அவருக்கு உரிமை கிடையாது என்று அவர் கையெழுத்திட்ட கடிதமும், பணம் வந்த வழியைக் காட்டும் வங்கிக் கணக்கு விவரமும், கிரயத்தைக் கவனிக்கும் வழக்கறிஞரான சொலிசிட்டருக்குத் தேவைப்படும்.

நம்மவர்கள் பலர் அறியாத ஒன்று: காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில், இங்கு முறையாக வசிக்கும் இந்தியரும் இலங்கையரும் வாக்காளராகப் பதியலாம். அந்தப் பதிவு கடன் வரலாற்றில் உங்கள் முகவரியை உறுதிப்படுத்தும். இன்றே பதியுங்கள்.

ஒரு கேள்வி. உங்கள் இருவரில் யாருக்காவது ஊரில் வீடு அல்லது வீட்டில் பங்கு இருக்கிறதா? முத்திரைத் தீர்வையில் இது பெரிய வேறுபாட்டை உண்டாக்கும்.

லெஸ்டர் செவிலி, 11 நவம்பர்

இருவருக்கும் மிக்க நன்றி. மாமனார் 2023 ஜூனில் காலமானபின், நாகர்கோவில் வீடு உயிலின்படி என் கணவருக்கும் அவருடைய தம்பிக்கும் சரிபாதியாக வந்தது. வீடு என் பெயரில் மட்டும் இருந்தால் பிரச்சினை வராதா?

ஹாரோ வாசகர், 12 நவம்பர்

வரும். ஏற்கெனவே வேறு வீடு உள்ளவர் வாங்கும்போது கட்டும் கூடுதல் முத்திரைத் தீர்வைக்குக் கணவன் மனைவியை ஒன்றாகவே எண்ணுவார்கள். உலகில் எங்கிருந்தாலும் 40,000 பவுண்டோ அதற்கு மேலோ மதிப்புள்ள பங்கு கணக்கில் வரும். அப்போது நீங்கள் கட்ட வேண்டிய தொகை 14,300 பவுண்டு ஆகிவிடும். ஆனால் மரபுரிமையாக வந்த பங்கு பாதிக்கு மேற்படாமல், வந்து மூன்று ஆண்டும் ஆகாமல் இருந்தால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்படியானால் வழக்கமான 2,300 பவுண்டுதான். கணவர் ஏற்கெனவே வீட்டுப் பங்கு உடையவர் என்பதால், இருவர் பெயரிலும் வாங்கும்போது முதன்முறை வாங்குவோருக்கான விலக்கு மட்டும் கிடைக்காது. ஆகவே 2026 ஜூனுக்குள் கிரயம் முடிந்து சாவி உங்கள் கைக்கு வர வேண்டும். உயிலின் நகலையும் சொத்து ஆவணங்களையும் மொழிபெயர்ப்புடன் சொலிசிட்டரிடம் கொடுத்து, அவர் கருத்தை எழுத்தில் பெறுங்கள். இன்னொன்று: விற்பவரும் வாங்குபவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பரிமாறி உறுதிசெய்யும்போது வழக்கமாகப் பத்து விழுக்காடு கட்டுவீர்கள்; அதன்பின் கடன் கைவிட்டால் அந்தப் பணம் போய்விடும். விசாவும் கடன் நிறுவனத்தின் எழுத்துமூல ஒப்புதலும் வராமல் அதில் கையெழுத்திடாதீர்கள்.

லெஸ்டர் செவிலி, 23 டிசம்பர்

டிசம்பர் 15 அன்று இருவரும் முன்னுரிமைச் சேவையில் விண்ணப்பித்தோம். நேற்று இருவருக்கும் மூன்று ஆண்டு நீட்டிப்பு வந்துவிட்டது. மின்விசாவில் புதிய தேதி தெரிவதை உறுதிசெய்து, அதை மற்றவர் இணையத்தில் சரிபார்க்க உதவும், தொண்ணூறு நாள் செல்லும் பகிர்வுக் குறியீட்டை எங்கள் வீட்டுக்கடன் புரோக்கருக்கு அனுப்பியிருக்கிறேன். என் கணவரின் சம்பளத்தையும் சேர்த்துக்கொண்டு பத்து விழுக்காடு முன்பணத்தில் கடன் தரும் ஒரு நிறுவனத்தை அவர் கண்டுபிடித்திருக்கிறார். முழு விண்ணப்பம் ஜனவரி முதல் வாரத்தில் போகிறது. விற்பவரிடம் நிலைமையைச் சொன்னோம், காத்திருக்கச் சம்மதித்தார். உயிலின் மொழிபெயர்ப்பு சொலிசிட்டரிடம் இருக்கிறது. தங்கையின் திருமணத்துக்கு 20ஆம் தேதி புறப்படுகிறோம்.