கேரவனில் டிஷ் வைக்கப் போகிறீர்களா? முதலில் தென்கிழக்கைப் பாருங்கள்

பிரிட்டனுக்கு வந்து ஒன்றிரண்டு வருடம் ஆனதும் நம் ஆட்கள் பலருக்கும் கேரவன் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டி) ஆசை வந்துவிடுகிறது. பள்ளி விடுமுறையில் ஹோட்டல் அறைக்குக் கேட்கும் வாடகையைப் பார்த்தால் அந்த ஆசை நியாயம்தான். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும் கோடையில் வேல்ஸுக்கோ ஸ்காட்லாந்துக்கோ கிளம்புவோம். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டு எல்லோரும் உள்ளேயே உட்கார வேண்டி வந்தால் டிவி பேச்சு தானாக வரும். அதற்காக டிஷ் வாங்க நினைப்பவர்களுக்குத்தான் இது. கடைக்குப் போகுமுன் படித்துவிடுங்கள், பணமும் மிஞ்சும், மழையில் நிற்கும் நேரமும் மிஞ்சும்.

டிஷ் உங்களுக்குத் தேவையா என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பெரும்பாலான கேரவன்களின் கூரையில் சாதாரண ஆன்டெனா ஏற்கெனவே இருக்கும். ஊர்களை ஒட்டிய முகாம்களில் அதில் வரும் ஃப்ரீவியூ என்ற இலவசச் சேனல்களே போதும். ஆனால் ஒவ்வொரு புது இடத்திலும் சேனல்களைத் திரும்பத் தேட வேண்டும். வேல்ஸ் பள்ளத்தாக்கிலும் லேக் டிஸ்ட்ரிக்டிலும் ஹைலண்ட்ஸிலும் மலை குறுக்கே நின்றால் ஆன்டெனாவுக்கு ஒன்றும் கிடைக்காது. முகாமின் வைஃபையை நம்ப வேண்டாம், இரவு எட்டு மணிக்கு எல்லா வண்டியும் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். 2024-இல் வந்த ஃப்ரீலி என்ற இலவச டிவி சேவை பிராட்பேண்ட் வழியாக ஓடுவது. வீட்டுக்கு நல்லது, மலையடிவாரத்துக்கு உதவாது.

அப்படிப்பட்ட இடங்களில்தான் செயற்கைக்கோள் கைகொடுக்கிறது. பிபிசியும் ஐடிவியும் சேர்ந்து 2008-இல் தொடங்கிய ஃப்ரீசாட்டுக்கு மாதச் சந்தா கிடையாது, கார்டும் வேண்டாம். கார்ன்வால் முதல் ஸ்காட்லாந்தின் வடமுனை வரை அதே சேனல்கள், அதே அலைவரிசைகள். ஒருமுறை செட் செய்த ரிசீவரை அடுத்த ஊரில் மறுபடி ட்யூன் செய்யத் தேவையில்லை. உங்கள் வீட்டு போஸ்ட்கோடை அதில் கொடுத்துவிட்டால் நீங்கள் எங்கே இருந்தாலும் உங்கள் ஊர்ப் பக்கத்து உள்ளூர்ச் செய்தியே வரும்.

சரி, இனி முக்கியமான விஷயம். கேரவன் டிவியில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை டிஷ்ஷால் வருவதில்லை, வண்டியை நிறுத்திய இடத்தால் வருகின்றன.

பிரிட்டனுக்கு ஒளிபரப்பும் அஸ்ட்ரா 2இ, 2எஃப், 2ஜி என்ற மூன்று செயற்கைக்கோள்களும் 28.2 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில், காங்கோவுக்கு நேர் மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் மொட்டை மாடி டிடிஎச் டிஷ்ஷைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதுதான் புதிது. சென்னையில் டிஷ் கிட்டத்தட்ட 70 டிகிரி சாய்வில், தலைக்கு மேலே பார்க்கும். நடுவில் தென்னை மரம் நின்றாலும் அதன் தலைக்கு மேலாகவே சிக்னல் வந்துவிடும். லண்டனில் அந்தக் கோணம் 25 டிகிரிதான். இன்வர்னெஸ் பக்கம் போனால் 19 டிகிரிகூட இல்லை. அதாவது இங்கே டிஷ் பார்ப்பது வானத்தின் அடிப்பகுதியை. அங்கே என்ன இருக்கும்? மரம், குன்று, பக்கத்து வண்டி.

ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தெற்கு இங்கிலாந்தில், டிஷ்ஷை விட ஒரு மரம் எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்குக்குச் சற்று அதிகமான தூரம் தள்ளி டிஷ் இருக்க வேண்டும். 10 மீட்டர் மரம் என்றால் 21, 22 மீட்டர். ஹைலண்ட்ஸில் அதே மரத்துக்கு 30 மீட்டர். இலை உதிர்ந்த மாதத்தில் ஒரு மரத்தின் ஊடாகப் படம் வந்தது என்று சொல்பவர்கள் உண்டு, அதை நம்பி மே மாதம் அதே இடத்தில் நிறுத்தினால் வராது. நனைந்த இலை இந்த அலைகளை நன்றாகவே உறிஞ்சிவிடும்.

ஆகவே முகாமுக்குப் போனதும் வண்டியை இழுத்துவிடாமல் இறங்கி நின்று தென்கிழக்கைப் பாருங்கள். போனில் உள்ள திசைகாட்டியில் 145 டிகிரி வைத்தால் லண்டனுக்குச் சரியாக இருக்கும். கார்ன்வாலில் 139, 140, நாரிச் பக்கம் 147. பெரிய வித்தியாசம் இல்லை. வண்டியின் இரும்புக்குப் பக்கத்தில் நின்றால் திசைகாட்டி பொய் சொல்லும், நாலடி தள்ளிப் போய்ப் பாருங்கள். வரும் வழியில் வீடுகளின் சுவரில் இருக்கும் டிஷ்களைக் கவனித்தீர்களா? எல்லாமே இதே திசையைத்தான் பார்க்கின்றன. வெயில் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு: ஜூன் மாதத்தில் லண்டன் பக்கம், பகல் பதினொன்றே முக்கால் மணிக்குச் சூரியன் ஏறக்குறைய அந்தத் திசையில்தான் நிற்கும். அந்த நேரத்தில் உங்கள் நிழல் விழும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம்.

முன்பதிவு செய்யும்போதே முகாமைப் பார்த்துக்கொள்ளும் வார்டனிடம் தென்கிழக்கில் மரம் இல்லாத பிட்ச் (வண்டி நிறுத்தும் இடம்) வேண்டும் என்று கேட்கலாம். அவர்களுக்கு இது பழகிய கேள்வி, தயங்க வேண்டியதில்லை.

இந்தக் காரணத்தால்தான், புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கூரையில் பொருத்தும் டிஷ்ஷை நான் சொல்வதில்லை. பொத்தானை அமுக்கினால் தானே எழுந்து தானே தேடிக்கொள்ளும் தானியங்கி டிஷ் பார்க்க அழகாகத்தான் இருக்கும். விலை ஆயிரம் பவுண்டைத் தாண்டும், கூரையில் துளை போட வேண்டும், வண்டி ஏற்றக்கூடிய எடையிலும் ஒரு பங்கைத் தின்றுவிடும். இத்தனைக்குப் பிறகும் வண்டி மரத்தடியில் நின்றால் அதற்குச் சிக்னல் கிடைக்காது. முக்காலியில் நிற்கும் சாதாரண டிஷ் என்றால் 15 மீட்டர் கேபிளோடு மரத்தை விட்டு வெளியே கொண்டுபோய் வைத்துவிடலாம். வயதானவர்கள், குனிந்து நிமிர முடியாதவர்கள், தினம் ஓர் ஊர் என்று போகிறவர்கள் தானியங்கியை வாங்கட்டும். மற்றவர்களுக்கு முக்காலி போதும்.

அளவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வீடுகளுக்கு ஸ்கை நிறுவனம் வைத்த டிஷ்களே தெற்கில் சிறியவை, ஸ்காட்லாந்தில் பெரியவை. நீங்கள் இரண்டு பக்கமும் போவீர்கள் என்பதால் 55 முதல் 65 செ.மீ. வரை உள்ளதாக வாங்குங்கள். மேக்ஸ்வியூவின் கையால் திருப்பும் டிஷ்கள் இந்த அளவுகளில் கிடைக்கின்றன. பழைய பொருளாக வாங்கினால் டிஷ்ஷுக்குக் கெடுதல் இல்லை, ரிசீவரில்தான் கவனம் வேண்டும். 2024 ஜனவரியில் பிபிசி செயற்கைக்கோளில் தன் எஸ்டி (பழைய, துல்லியம் குறைந்த) ஒளிபரப்பை நிறுத்திவிட்டது, இப்போது எச்டி (உயர்துல்லிய) ஒளிபரப்பு மட்டும்தான். எச்டி இல்லாத பழைய பெட்டியை யாராவது சும்மா கொடுத்தாலும் பிபிசி வராது. ரிசீவர் தனியாக வேண்டாம் என்றால், செயற்கைக்கோள் ட்யூனர் உள்ளேயே இருக்கும் 12 வோல்ட் டிவி வாங்கலாம். ஏவ்டெக்ஸ் போன்றவர்கள் கேரவனுக்கென்றே செய்கிறார்கள். கேரவனில் 12 வோல்ட் என்பது பெயருக்குத்தான், சார்ஜ் ஏறும்போது 14 வோல்ட்டுக்கு மேலேயும் போகும். வீட்டு டிவியை நேரடியாக அதில் இணைத்தால் கெட்டுப்போகலாம்.

அப்புறம், நிறுவும் வேலை. முக்காலியை மட்டமான தரையில் வையுங்கள். ரசமட்டம் வைத்துப் பார்ப்பது நல்லது. கம்பம் சாய்ந்திருந்தால் டிஷ்ஷைச் சுற்றச் சுற்றக் கோணமும் மாறிக்கொண்டே போகும், எந்த அளவும் ஒத்துவராது. டிஷ்ஷின் பின்னால் இருக்கும் அளவுகோலில் உங்கள் ஊருக்கான கோணத்தை வையுங்கள், லண்டனுக்கு 25. வைத்துவிட்டுப் பார்த்தால் டிஷ் ஏறக்குறைய சுவர்போல நேராக நிற்பதாகத் தெரியும். பலர் இங்கேதான் குழம்பி, வானத்தைப் பார்க்கட்டும் என்று அதை மல்லாத்திவிடுகிறார்கள். இந்த வகை டிஷ்ஷில் எல்என்பி (சிக்னலை வாங்கிக் கேபிளில் அனுப்பும் சிறு கருவி) நடுவில் இல்லாமல் கீழ்விளிம்புப் பக்கம் நீட்டிக்கொண்டு இருக்கும், மேலிருந்து சாய்வாக வரும் அலை பட்டுத் தெறித்து அங்கே போய்ச் சேரும். ஆகவே நேராக நிற்பதுபோல் இருந்தாலும் அது மேலேதான் பார்த்துக்கொண்டிருக்கிறது. அளவுகோலை நம்புங்கள், கண்ணை நம்ப வேண்டாம்.

கேபிளை இணைத்து ரிசீவரை ஆன் செய்யுங்கள். எல்என்பிக்கு மின்சாரம் ரிசீவரிலிருந்து அந்தக் கேபிள் வழியாகத்தான் போகிறது. ரிசீவர் அணைந்திருந்தால் வெளியே எவ்வளவு சுற்றினாலும் பயன் இல்லை, நடுவில் மாட்டும் சிக்னல் மீட்டரும் வேலை செய்யாது. இப்போது டிஷ்ஷைத் தென்கிழக்குக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக வைத்து, மெல்ல வலப்பக்கம் திருப்புங்கள். 60 செ.மீ. டிஷ் பார்க்கும் வானத்தின் அகலம் மூன்று டிகிரிகூட இருக்காது. வேகமாகத் திருப்பினால் சிக்னல் வந்து போனதே தெரியாது. டிஷ்ஷின் விளிம்பு அரை சென்டிமீட்டர் நகரட்டும், கையை எடுங்கள், ஐந்து வரை எண்ணுங்கள், பிறகு அடுத்த அரை சென்டிமீட்டர். டிஜிட்டல் ரிசீவர் பூட்டிக்கொள்ள அந்த அவகாசம் கொடுக்க வேண்டும். டிஷ்ஷுக்கு முன்னால் நின்று மறைத்துக்கொண்டு திருப்பாதீர்கள், பின்னால் நில்லுங்கள். உள்ளே ஒருவர் திரையைப் பார்த்துக் குரல் கொடுத்தால் வேலை பாதியாகும். அந்தப் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் உற்சாகமாகச் செய்வார்கள்.

திரையில் இரண்டு பட்டைகள் தெரியும், ஒன்று பலம், மற்றது தரம். பலம் எந்தச் செயற்கைக்கோள் பட்டாலும் ஏறும், மலிவான மீட்டரும் அப்படித்தான் எதற்கும் கூவும். தரம் ஏறினால்தான் நீங்கள் தேடியது. ஜெர்மன் சேனல்களாக வருகிறது என்றால் நீங்கள் 19.2 டிகிரி கிழக்கில் இருக்கும் வேறு அஸ்ட்ராவைப் பிடித்திருக்கிறீர்கள். சோர்ந்துவிட வேண்டாம், அது நல்ல அடையாளம். தெற்கைப் பார்த்து நின்றபடி அங்கிருந்து இடப்பக்கம் பத்து டிகிரி, மூன்று டிகிரி கீழே இறக்குங்கள், பிபிசி வந்துவிடும்.

சில சேனல்கள் பளிச்சென்று வந்து, சில மட்டும் கட்டம் கட்டமாக உடைந்தால் எல்என்பியின் சுழற்சியைப் பாருங்கள். சேனல்கள் கிடைமட்டமாகப் பாதி, செங்குத்தாகப் பாதி என்று வருகின்றன. ரிசீவர் 13 வோல்ட்டும் 18 வோல்ட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. எல்என்பி தன் பிடியில் சற்றுத் திரும்பி இருந்தால் ஒன்றோடொன்று கலந்துவிடும். எந்த ஊருக்கு எவ்வளவு திருப்ப வேண்டும் என்று டிஷ்ஷோடு வரும் கையேட்டில் படம் இருக்கும்.

எல்லாம் சரியானதும் முக்காலியைக் கட்டாயம் கட்டிவையுங்கள். டிஷ் காற்றைப் பிடிக்கும் பாய். கூடார முளை அடிக்கலாம், கான்கிரீட் தரை என்றால் நடுவில் ஒரு தண்ணீர் கேனைத் தொங்கவிடலாம். கேபிள் பக்கத்து வண்டிக்காரரின் இடத்தில் போகாமலும், ஜன்னலில் நசுங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியின் வெளிப்பக்கம் செயற்கைக்கோளுக்கென்று தனி சாக்கெட் இருந்தால் அதில் மாட்டுங்கள். கூரை ஆன்டெனாவின் பூஸ்டர் வழியாக இந்தச் சிக்னல் போகாது. படம் வரவில்லை என்று வருபவர்களில் பலருக்கு அடைப்பு அங்கேதான் இருக்கிறது. மின்சாரத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம், சிறிய 12 வோல்ட் டிவியும் ரிசீவரும் சேர்ந்து மூன்று, நான்கு ஆம்பியர் இழுக்கும். ஹூக்-அப் (முகாமின் மின் இணைப்பு) இல்லாத இடத்திலும் 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு சாயங்காலத்தைத் தாராளமாகத் தாங்கும்.

ஃபெரி ஏறி வெளியே போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிபிசி, ஐடிவி சேனல்கள் பிரிட்டனை மட்டும் குறிவைத்த குறுகிய கற்றையில் வருகின்றன. வட பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் உங்கள் டிஷ் பிடிக்கும், தெற்கு ஸ்பெயினில் பிடிக்காது. அதற்கு வேண்டிய அளவு டிஷ்ஷைக் கேரவனில் யாரும் கொண்டுபோக முடியாது.

தமிழ்ச் சேனல்களுக்காக டிஷ் வாங்க நினைப்பவர்கள் வாங்காதீர்கள். சீரியலும் தமிழ்ச் செய்தியும் இணையத்தில் பார்ப்பதுதான் சுலபம். அம்மாவுக்குத் தொடர் முக்கியம் என்றால் வீட்டு வைஃபையில் டேப்லெட்டில் இறக்கி எடுத்துப் போங்கள். டிஷ் வேண்டியது செய்திக்கும் விம்பிள்டனுக்கும் பிள்ளைகளின் சிபீபீஸுக்கும்.

டிவி லைசென்ஸ் பற்றி நம் ஆட்களிடம் தவறான நம்பிக்கை ஒன்று ஓடுகிறது, பிபிசி பார்க்காவிட்டால் வேண்டாம் என்று. அப்படி இல்லை. எந்தச் சேனலையும், எந்த நாட்டுச் சேனலையும், ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்த்தால் லைசென்ஸ் வேண்டும், போனில் பார்த்தாலும். நேரலையாக ஓடும் தமிழ்ச் சேனலும் இதில் அடக்கம். பிபிசி ஐபிளேயரில் பழைய நிகழ்ச்சிக்கும் வேண்டும். மாட்டினால் அபராதம் 1,000 பவுண்டு வரை போகலாம். வீட்டுக்கு லைசென்ஸ் இருந்தால் இழுத்துப் போகும் கேரவனுக்கும் மோட்டார்ஹோமுக்கும் அதுவே போதும், தனியாக எடுக்க வேண்டியதில்லை. கடலோரத்தில் ஒரே இடத்தில் நிற்கும் ஸ்டேட்டிக் கேரவன் வாங்கியவர்களுக்கு மட்டும் விதி வேறு: நீங்கள் அங்கே பார்க்கும் அதே நேரத்தில் வீட்டிலும் யாராவது டிவி பார்த்தால் அதற்குத் தனி லைசென்ஸ் எடுக்க வேண்டும்.