கணக்கெழுதும் ஏஐயிடம் எப்படிச் சொல்கிறீர்கள்? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

ஈரோடு, பெயின்ட் கடை

வணக்கம். கொள்முதல் பில்களைப் படமெடுத்து ஏஐ உதவியாளரிடம் கொடுத்து, டாலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றுவதற்கான பட்டியலை வாங்கிக்கொள்கிறேன். 2025 ஏப்ரலில் நான் கொடுத்த கட்டளை ஒரே வரிதான்: "இந்தப் பில்களைக் கணக்கில் எழுதிக் கொடு."

பட்டியல் சுத்தமாக வந்தது. தொகையும் வரியும் சரியாக இருந்தன. ஆண்டுக் கணக்கை முடிக்க உட்கார்ந்த ஆடிட்டர்தான் ஒரு வரியில் விரலை வைத்தார். ₹1,18,000 பில், தேதி மார்ச் 4. ஆனால் பில் எண்ணின் கடைசியில் 25-26 என்று இருந்தது. அந்த நிதியாண்டு ஏப்ரல் 1 அன்றுதான் பிறக்கிறது. அதற்குள் மார்ச் எங்கிருந்து வந்தது? பில்லைத் தேடி எடுத்தோம். 03/04/2025 என்று அச்சிட்டிருந்தது. நமக்கு அது ஏப்ரல் 3. உதவியாளர் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் வைத்துப் படித்திருக்கிறது. வரி போக ஒரு லட்ச ரூபாய்ச் சரக்கு முந்தைய ஆண்டின் கொள்முதலில் ஏறிவிட்டது. மார்ச் 31 சரக்கிருப்பிலோ அது இல்லை. லாபம் அந்த அளவுக்குக் குறைந்து நின்றது.

13ஆம் தேதி முதலான பில்கள் அத்தனையும் சரியாக இருந்தன, பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லையே. நான் 15/04, 22/04 என்று இரண்டைப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைந்திருந்தேன்.

இப்போது இப்படி எழுதுகிறேன்: "தேதிகள் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் உள்ளன. மாதத்தைப் பெயராக எழுது. இவை ஏப்ரல் பில்கள் மட்டுமே. வேறு மாதம் வந்தால் நிறுத்திவிட்டு என்னிடம் கேள்." மாதத்தைப் பெயராக எழுதச் சொன்னதில்தான் எனக்கு அதிகப் பலன். தவறு நேர்ந்தாலும் கண்ணில் பட்டுவிடுகிறது.

திருப்பூர், பனியன் நிறுவனத்தில் கணக்கர்

அண்ணா, கட்டளை சுருக்கமாக இருந்ததால் உங்களுக்குச் சிக்கல். நான் விதியை விளக்கமாகச் சொல்லியே மாட்டிக்கொண்டேன்.

எங்களுக்குக் கர்நாடகம், கேரளத்திலிருந்தும் பில்கள் வரும். அதனால், "ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கினால் தமிழ்நாடு, சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் போடு, வேறு எண் என்றால் ஐஜிஎஸ்டி போடு" என்று எழுதிவைத்தேன். ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் வியாபாரத்துக்கு முதல் இரண்டு வரிகள், மாநிலம் விட்டு மாநிலம் என்றால் ஐஜிஎஸ்டி. நூலுக்கும் அட்டைப்பெட்டிக்கும் அது பிசகவில்லை. ஒருமுறை முதலாளி கொச்சியில் தங்கிய விடுதி பில் வந்தது. எண் 32 என்று தொடங்கியதால் உதவியாளர் ஐஜிஎஸ்டி என்று எழுதி, வரி வரவிலும், அதாவது நாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையிலும், சேர்த்துவிட்டது. பில்லிலோ சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்துத் தெளிவாக அச்சிட்டிருந்தது. விடுதி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கேதான் அந்தச் சேவை நடக்கிறது. அந்த வரியைத் தமிழ்நாட்டுப் பதிவில் வரவு எடுக்க முடியாது. விற்றவர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையோடு ஒப்பிட்டபோது பிடிபட்டது.

அது நான் சொன்னதைத்தான் செய்தது. நான் சொன்னதுதான் எல்லாப் பில்லுக்கும் பொருந்தாத விதி. அந்தக் கட்டளையை அழித்துவிட்டு, "வரியை நீ கணக்கிடாதே. பில்லில் உள்ளதை அப்படியே எடுத்து எழுது. ஜிஎஸ்டி எண்ணோடு அது ஒத்துப்போகவில்லை என்றால் பட்டியலின் கீழே தனியாகக் காட்டு" என்று மாற்றினேன். மாதத்திற்கு இரண்டு மூன்று பில்கள் கீழே வந்து நிற்கின்றன. அவற்றை மட்டும் நானே பார்க்கிறேன்.

மதுரை, மொத்த வியாபாரம்

வங்கி அறிக்கை கொடுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "தொடக்க இருப்பு இவ்வளவு, இறுதி இருப்பு இவ்வளவு, சரிபார்த்துக்கொள்" என்று நான் எழுதுவது வழக்கம். அதுவும் "இருப்பு பொருந்துகிறது" என்று எழுதித் தரும். ஒரு நாள் நானே கூட்டினேன், ₹8,400 குறைந்தது. 214 வரிகள் கொண்ட அறிக்கையில் பக்கம் மாறும் இடத்தில் இரண்டு வரிகள் விடுபட்டிருந்தன. அதுமுதல் இறுதி இருப்பை நான் சொல்வதே இல்லை. "எத்தனை வரிகள், மொத்த வரவு எவ்வளவு, மொத்தப் பற்று எவ்வளவு" என்று அதனிடம் கேட்டு வாங்கி, கையிலுள்ள அறிக்கையோடு ஒப்பிடுகிறேன். விடையைக் கையில் கொடுத்துவிட்டுக் கணக்குப் போடச் சொல்லக் கூடாது என்பது என் கருத்து.

ஈரோடு, பெயின்ட் கடை

மதுரை ஐயா சொன்னதை இந்த மாதமே செய்து பார்க்கிறேன், மிக்க நன்றி.

வங்கி அறிக்கையில் எனக்கு வேறொரு தொல்லை இருந்தது. மைத்துனரிடம் கைமாற்றாக வாங்கிய ₹50,000 அவர் பெயரில் வரவாகியிருந்தது. உதவியாளர் அதை விற்பனை என்று எழுதிவிட்டது. பெயரை மட்டும் பார்த்து உறவா வாடிக்கையாளரா என்று எவராலும் சொல்ல முடியாது. அதை நான்தான் சொல்லியிருக்க வேண்டும். இப்போது உறவினர், கடைப் பையன்கள், கட்டட உரிமையாளர், கம்பெனிகள் என்று யார் யார் என்ற பட்டியலைக் கட்டளையோடு சேர்த்துக் கொடுக்கிறேன். "இதில் இல்லாத பெயர் வந்தால் ஊகிக்காதே, சஸ்பென்ஸ் கணக்கில் வை" என்பது அதன் கடைசி வரி. எதற்கான தொகை என்று தெரியும்வரை தற்காலிகமாக வைக்கும் கணக்கு அது. கணக்கு எண்ணையும் பான் எண்ணையும் மறைத்துவிட்டுத்தான் அறிக்கையைக் கொடுக்கிறேன்.

முதல் மாதம் 31 வரிகள் சஸ்பென்ஸில் நின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நானும் மனைவியும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தீர்த்தோம். அந்தப் பெயர்கள் எல்லாம் பட்டியலில் ஏறின. போன மாதம் ஆறு வரிகள்தான் மிஞ்சின.