கப்பலில் வருத்தம் வந்தால்: கொழும்புக் கடலோடிகளின் அனுபவங்கள்

முன்னாள் செக்கண்ட் ஒபிசர், கொட்டாஞ்சேனை

சரக்குக் கப்பலில் டொக்டர் இருக்கமாட்டார். முதல் தடவை கப்பல் ஏறும் தம்பிமார் பலருக்கு இது தெரியாது, அதனால்தான் எழுதுகிறேன். 100 பேரோ அதற்கு மேலோ ஏற்றிக்கொண்டு 3 நாளுக்கு மேல் வெளிநாட்டுப் பயணம் போகும் கப்பலில்தான் டொக்டர் கட்டாயம் என்கிறது 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயம். கொள்கலன் கப்பலில் நாங்கள் இருபது, இருபத்தைந்து பேர். மருந்து அலுமாரிச் சாவி என்னிடம் இருக்கும். படித்த மருத்துவக் கோர்ஸ், உலக சுகாதார நிறுவனத்தின் கப்பல் மருத்துவக் கைநூல், பேச ஒரு ரேடியோ. இதை வைத்துத்தான் எல்லாம்.

ஒருமுறை செங்கடல் தாண்டிக் கிழக்கே வந்துகொண்டிருந்தோம். முகத்துவாரத்துப் பெடியன் ஒருவன், எஞ்சின் ரூமில் ஒயிலர். சாப்பாட்டு மேசைக்கு வரவில்லை. கேபினுக்குப் போய்ப் பார்த்தால் முழங்காலை மடக்கிக்கொண்டு சுருண்டு கிடக்கிறான். தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கியிருந்தது. காஸ்ட்ரிக் என்று நினைத்து, தன் பையில் இருந்த வலிக்குளிசையைப் போட்டுப் போட்டு வேலைக்கு வந்திருக்கிறான்.

கப்டன் ரோமில் உள்ள சி.ஐ.ஆர்.எம். நிலையத்தைத் தொடர்பு கொண்டார். 1935இலிருந்து நடுக்கடல் நோயாளிகளுக்காகவே இயங்கும் இடம் அது. ரேடியோவுக்குப் பெயர்போன மார்க்கோனிதான் அதன் முதல் தலைவர். எந்த நாட்டுக் கொடி பறந்தாலும் காசு கேட்கமாட்டார்கள், இரவு பகல் பார்க்கமாட்டார்கள். எனக்கு அந்த மனிதர்கள் மேல் இன்றைக்கும் பெரிய மரியாதை. காய்ச்சல் எவ்வளவு, நாடித்துடிப்பு எவ்வளவு, அழுத்தும்போது வலிக்கிறதா, கையை எடுக்கும்போது இன்னும் அதிகமாக வலிக்கிறதா, கடைசியாக என்ன குளிசை எப்போது போட்டான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். குடல்வால் அழற்சியாக இருக்கலாம், வாயால் ஒன்றும் கொடுக்கவேண்டாம், சேலைன் ஏற்றுங்கள், அன்டிபயோட்டிக் ஊசி போடுங்கள், பக்கத்துத் துறைமுகத்துக்குத் திருப்புங்கள் என்றார்கள். வலிக்குளிசை வலியை மறைத்துவிடும், அதனால் நேரம் போனதே தெரியாது என்றும் சொன்னார்கள்.

இரவு முழுக்கப் பெடியன் பக்கத்தில் இருந்தேன். கொழும்பு கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையத்துக்குச் செய்தி போனது. காலிக்கு அப்பால் படகு வந்து அவனை இறக்கிக்கொண்டு போனது. ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது.

ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். "சொன்னால் இறக்கிவிடுவாங்க, அடுத்த கொன்ட்ராக்ட் கிடைக்காது சேர்" என்றான். இந்தப் பயம்தான் கடலில் ஆளைக் கொல்கிறது. தம்பிமாரே, வேலையில் இருக்கும்போது வரும் வருத்தத்துக்கு வைத்தியச் செலவு கப்பல் உரிமையாளருடையது. முதலில் சொன்ன சமவாயத்தின்படி குறைந்தது 16 வாரங்களுக்கு அந்தப் பொறுப்பு அவருக்கு உண்டு. இது உங்கள் உரிமை, யாரும் இரங்கிக் கொடுப்பதல்ல.

தாதி, வத்தளை

அண்ணா, அதே சட்டத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. வேலைக்குச் சேரும்போது இருந்த வருத்தத்தை வேண்டுமென்றே மறைத்தால் உரிமையாளரின் பொறுப்பு விலகிப்போகலாம். கப்பல்காரரின் மெடிக்கல் எடுக்கும் இடத்தில் வேலை செய்தவள் நான். "பிரஷர் இருக்கா?" என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் தலையாட்டி இல்லை என்பார்கள். கருவி வேறு கதை சொல்லும்.

எங்கள் ஆட்களில் சீனியும் பிரஷரும் எவ்வளவு என்று வீட்டுக்கு வீடு தெரியும். குளிசையால் கட்டுப்பாட்டில் இருந்தால் பலருக்குக் கப்பல் ஏற மருத்துவச் சான்றிதழ் கிடைக்கிறது, சிலருக்குக் குறுகிய காலத்துக்கு. இன்சுலின் போடுபவர்களுக்குத்தான் கடினம். சான்றிதழின் உச்சக் காலம் 2 வருடம். உள்ளதைச் சொல்லி, கொன்ட்ராக்ட் முடியும்வரைக்கும் போதுமான குளிசையோடும் கிளினிக் கொப்பியின் பிரதியோடும் ஏறுவதுதான் பாதுகாப்பு. நடுக்கடலில் உங்கள் குளிசை கிடைக்கும் என்று நம்பாதீர்கள்.

மேற்கு ஆபிரிக்கா, தென் அமெரிக்கா பக்கம் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கடைசிக் கிழமைக்கு வைக்கவேண்டாம். பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் (எம்.ஆர்.ஐ.) போடலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அதன் சான்றிதழ் செல்லுபடியாகும். பிறகு ஆயுளுக்கும் போதும்.

உல்லாசக் கப்பலில் வெயிட்டராக இருந்தவர், வெள்ளவத்தை

எங்கள் கப்பலில் டொக்டர், தாதிமார், கட்டில் எல்லாம் இருந்தது. பயணிகள் காசு கட்டவேண்டும், எங்களுக்கு இலவசம். ஆனாலும் நோரோவைரஸ் வந்தால் எல்லாரும் ஒன்றுதான். ஒரு மேசையில் ஒருவருக்குச் சத்தி தொடங்கினால் இரண்டு நாளில் தளம் முழுக்கப் பரவிவிடும். கையில் தேய்க்கும் அல்கஹோல் ஜெல் அதற்கு அவ்வளவாக வேலை செய்யாது, சவர்க்காரம் போட்டுக் கழுவத்தான் வேண்டும். சத்தி, வயிற்றோட்டம் நின்ற பிறகும் 48 மணித்தியாலம் வேலைக்கு விடமாட்டார்கள். டிப்ஸ் போகுமே என்று மறைத்துச் சாப்பாடு பரிமாறிய ஆளையும் பார்த்திருக்கிறேன். வயதான பயணிகளுக்கு அது உயிர் விஷயம். ஒபிசர் அண்ணா சொன்ன பயம் எங்களிடமும் இருந்தது.

ஒரு தாய், மட்டக்குளி

மகன் கெடட்டாக, பயிற்சி ஒபிசராக, அடுத்த மாதம் கப்பலில் போகிறான். வாசிக்க வாசிக்க நெஞ்சு படபடக்கிறது. உடம்பு வருத்தத்தை விடுங்கள், தனிமையில் மனம் உடைந்தால் என்ன செய்வான்?

முன்னாள் செக்கண்ட் ஒபிசர், கொட்டாஞ்சேனை

அக்கா, அதைக் கேட்டது நல்லது. 2020இல் கொரோனாவால் ஆள் மாற்றமே நடக்காமல், கொன்ட்ராக்ட் முடிந்தும் மாதக்கணக்கில் கப்பலிலேயே இருந்தவர்களைத் தெரியும். நித்திரை இல்லை, சாப்பாடு இறங்காது, யாரோடும் பேச்சில்லை. இதுவும் வருத்தம்தான், இதையும் சொல்லலாம். சீஃபேரர்ஹெல்ப் என்ற இலவச உதவிச்சேவை 24 மணி நேரமும் இருக்கிறது. இலக்கத்தை அவன் போனில் இப்போதே பதிந்துவிடுங்கள், பேசியது கப்பல் கம்பனிக்குப் போகாது. ஒவ்வாமை ஏதும் இருந்தால், பெனிசிலின் போன்றவற்றுக்கு, ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி பாஸ்போட்டோடு வைத்துவிடுங்கள். மயங்கிக் கிடப்பவனிடம் ஊசி போடமுன் எங்களால் கேட்கமுடியாது.